என் பங்குக்குப் போன முன்பல்

பல் வைத்தியரின் அறைக்கு வெளியே, வாங்கில் அக்காவோடு உட்கார்ந்து காத்திருந்தேன். கதவு திறந்ததும் கராம்பெண்ணெய் மணந்தது. உடனே பள்ளிமுனை வீடு, அம்மாவின் வாய், அதிலிருந்த ஓட்டைகள். ஊருக்குக் கூட்டிப்போக மணத்துக்குப் பஸ்கூடத் தேவையில்லை, பாருங்கள்.

அம்மாவுக்குப் பிள்ளைகள் நான்கு. போன பற்களும் நான்கு. வயிற்றிலிருக்கும் பிள்ளை தாயின் பல்லை உறிஞ்சிவிடும் என்பது எங்கள் ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அந்த நேரத்தில் பல்லில் கைவைத்தால் பிள்ளைக்குக் கூடாது என்பதும்தான். பல்லுக்கொதி வந்தால் ஒரு கராம்பை அடக்கிக்கொண்டு பேறுவரை பொறுப்பார்கள். பிறகென்ன, பிடுங்கத்தான் சரி.

அந்த ஓட்டைகளை நாங்கள் பங்குபோட்டிருந்தோம். கடைவாய்ப் பற்கள் மூத்தவர்களுக்கு. கடைசியாகப் பிறந்த எனக்கு முன்பல். என்ன பெருமை! அம்மா கிழிந்த மீன்வலை பொத்தும்போது தங்கூசி நைலோன் நூலைக் கடித்து அறுக்கப் பார்ப்பார். அது என் ஓட்டைக்குள் வழுக்கிவிடும்.

"இந்தா, நீ கடி. உனக்குத்தானே தந்தனான்" என்று நூலை என் வாய்க்கு நீட்டுவார்.

கோயிலில் பாட்டுப் படிக்கும்போது மட்டும் சேலைத் தலைப்பு அவர் வாய்க்குப் போகும். அது ஏனென்று நான் யோசித்ததில்லை.

அக்காவுக்கு இப்போது ஏழாம் மாதம். பல்லுக்கொதியில் சாப்பாடும் இல்லை, நித்திரையும் இல்லை. "பிள்ளை பிறக்கட்டும், பிடுங்குவம்" என்றவளை நான்தான் இழுத்து வந்திருந்தேன்.

"பல்லில கைவைச்சா பிள்ளைக்கு ஒண்டும் செய்யாதே, டொக்டர்?" என்று உள்ளே போனதும் அக்கா கேட்டாள்.

"ஒண்டும் செய்யாது. பிள்ளை பல்லை எடுக்கவும் மாட்டுது" என்று வைத்தியர் சிரித்தார். "சத்தி எடுக்கிற புளிப்பு, பல்லு முரசு வீக்கம், பல்லை ஒழுங்கா மினுக்காம விடுறது, காட்டாமப் பொறுக்கிறது, இதுகள்தான் எடுக்குது. இதை அடைச்சுக் காப்பாத்தலாம். வாயைத் திறவுங்கோ."

பல் தப்பியது. வீட்டுக்குள் கால் வைத்ததுமே அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன்.

"நாங்கள் உங்கட பல்லை எடுக்கவே இல்லையாம், அம்மா! நேரத்துக்குக் காட்டியிருந்தா எல்லாம் இருந்திருக்குமாம்!"

அம்மா பொத்திக்கொண்டிருந்த வலையை மடியில் வைத்தார். இப்போது கட்டுப்பல் போட்டிருக்கிறார். ஓட்டை எதுவும் வெளியே தெரியாது.

"அப்ப அதெல்லாம் சும்மாவே போனது?"

அக்கா கன்னத்தைப் பிடித்தபடி உள்ளே போய்விட்டாள். அம்மா மறுபடி வலையை எடுத்து முடிச்சை இறுக்கினார். கட்டுப்பல்லுக்குத் தங்கூசி அறாது. நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் நூலை என்னிடம் நீட்டவில்லை; கத்தரிக்கோலைத் தேடினார்.