கார்ன்ஃபிளவர் பாட்டில்

செடி வளர்ப்பதில் நான் கெட்டிக்காரி இல்லை. மேனாம்பேட்டில் எங்கள் வாசலுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே கொஞ்சம் மண் இருக்கிறது. அதில் துளசி வைத்தாலே கோபித்துக்கொண்டு போய்விடும். அப்படிப்பட்ட என்னிடம்தான், கம்பெனியில் பக்கத்து மேஜைப் பெண் விதைப் பொட்டலத்தைக் கொடுத்தாள்.

“கோத்தகிரில எங்க பெரியம்மா ஊட்டுத் தோட்டத்து வெதை அக்கா. ஊட்டை வித்துட்டாங்க, இனிமே கிடைக்காது. பூத்தா எனக்குப் பாதி வெதை குடு” என்றாள். அவள் இருப்பது மூன்றாவது மாடியில். மண்ணுக்கு எங்கே போவாள்?

பூவின் பெயர் கார்ன்ஃபிளவர். ஒட்டு விதை இல்லை. பூவைச் செடியிலேயே காயவிட்டு விதை எடுத்தால் மறு வருஷமும் அதே நீலம் வருமாம்.

கார்த்திகையில் மழை விட்டதும் விதைத்தேன். பொட்டலம் முழுக்கக் கொட்டியும் பன்னிரண்டுதான் முளைத்தன. நத்தை தின்றது போக நான்கு நின்றன. மாசியில் அவை பூத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இங்க் கொட்டின மாதிரி அப்படியொரு நீலம். எதிர்வீட்டம்மா சாமிக்குப் பறிக்கக் கை நீட்டினார். காயட்டும் என்று தடுத்தேன்.

“காயறதுக்கா பூ வெச்சிகினு கீறே?” என்று சிரித்தார். சிரித்தால் சிரிக்கட்டும்.

காய்ந்த தலைகளை உதிர்த்தேன். விதைகள் சாம்பல் நிறத்தில், பின்னால் குச்சம் வைத்த சின்னச் சின்ன வண்டுகள் போல இருந்தன. ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, அதில் போட்டு, ‘கார்ன்ஃபிளவர்’ என்று எழுதி ஒட்டி ஃப்ரிட்ஜில் வைத்தேன். விதை கொடுத்தவள் பிரசவ லீவில் இருந்தாள். வந்ததும் பாதி அவளுக்கு.

ஆயுத பூஜைக்கு முதல் நாள், ஒரு நாளாவது சமையலறைப் பக்கம் எட்டிப் பாருங்கள் என்று வீட்டுக்காரரிடம் கத்திவிட்டுப் பொரி வாங்கப் போனேன். திரும்பி வந்தால் ஃப்ரிட்ஜ் பளபளவென்று இருந்தது. மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

“கார்ன்ஃபிளவர்ல ஒரே வண்டும்மா. மாவைப் பூராத் துன்னுட்டு வண்டு மட்டும் கீது. மத்த சாமான்ல ஏறிடப் போதுன்னு கொதிக்கிற தண்ணி ஊத்திக் கொன்னுட்டுத்தான் குப்பை வண்டில போட்டேன்.”

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மஞ்சூரியனுக்குப் போடும் சோள மாவையும் எங்கள் வீட்டில் கார்ன்ஃபிளவர் என்றுதான் சொல்கிறோம். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் ஒரு வேலையை இவ்வளவு முழுசாகச் செய்ததே இல்லை.

“அது மாவு இல்ல. நம்ம வாசல்ல பூத்த செடியோட விதை. இனிமே எங்க தேடினாலும் கிடைக்காது” என்றேன்.

“எந்தச் செடி?” என்றார்.

சமாளிக்கக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். ஒன்றரை மாதம் அந்த நீலத்துக்குப் பக்கத்தில்தான் தினமும் பைக்கை நிறுத்தினார். விதை போனதற்கு எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தக் கேள்விக்குத்தான் அழுகை வந்தது.