பதினொரு ‘ஓம்’

போன சனிக்கிழமை பதவி உயர்வுப் பரீட்சை எழுதினேன். ‘ஒரு வேலைத்திட்டத்துக்குத் தலைமை தாங்குபவரிடம் இருக்கவேண்டிய பண்புகள் ஐந்தினை விளக்குக’ என்று ஒரு கேள்வி. கால் மணித்தியாலத்தில் ஐந்தையும் எழுதிவிட்டேன். அப்போது துறைமுகப் பக்கமிருந்து மழை வந்தது. யன்னலால் ஈரமண் மணம் ஏறியது. அதற்குப் பிறகு அடுத்த கேள்வி என் கண்ணில் படவில்லை.

கிளிவெட்டிப் பக்கம் உடைந்துகிடந்த ஒரு குளக்கட்டை அடைக்கும் வேலை என் பொறுப்பில் வந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அதுவும் மூன்று பிரதிகளில் போடுகிற உத்தியோகம். குடை, கைப்பை, மணிக்கூடு, மரத்தடியில் எனக்கென்று ஒரு கதிரை. பதினொரு வேலையாட்கள். அவர்களில் ஒருவர் என் அப்பா. கூலிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எங்கள் ஊர் அன்புவழிபுரத்திலிருந்து வந்திருந்தார். எனக்கு அது கூச்சமாக இருந்தது, உங்களிடம் மறைப்பானேன்.

எனக்கு முன்பு அங்கே வேலையை மேற்பார்த்த ஓவசியர் மாற்றலாகிப் போயிருந்தார். அவர் காலையில் வந்ததும், “இண்டைக்கு என்ன குறையுது?” என்றுதான் கேட்பாராம். அதற்கு யாரும் வாய் திறக்கலாம். ஆள் குறையுது, வெயில் குறையுது என்று. நான் கேட்டது வேறு. மாரிக்குள் கட்டு நிமிராவிட்டால் கீழே விதைத்த வயல் அவ்வளவும் போய்விடும்.

“தீபாவளிக்கு முதல் முடிப்பீங்களா?”

“ஓம் மிஸ்.” பதினொரு பேரும் சொன்னார்கள்.

அரையடி மண் போட்டு, இடித்து, காயவிட்டு, அதன்மேல் அடுத்த அரையடி போடவேண்டும். தீபாவளிக்கு முடிப்பதென்றால் காயவிட நாளில்லை. வேலையாட்களில் ஒருவரான கிண்ணியா காசிம் காக்கா மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு, “மிஸ்ஸிட மணிக்கூடு நல்ல கெதியா ஓடுது. மண்ணுக்குத்தான் அது விளங்குதில்ல” என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். பகிடி பண்ணுகிறார் என்று நான் முகத்தை இறுக்கிக்கொண்டேன்.

சொன்ன நாளுக்கு முன்பே கட்டு முடிந்தது. மூன்றாவது மழையில், காலை பத்து மணிக்கு, நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கவே வாய் பிளந்தது. சாண் உயரப் பயிரின்மேல் செம்மண் தண்ணீர் போனது.

“ஏன் ஒருத்தரும் சொல்லேல்ல?” என்று கத்தினேன்.

“நான் சொன்னனான் மிஸ்” என்றார் காக்கா.

நான் அப்பாவின் பக்கம் திரும்பினேன். “நீங்களும் மாடு மாதிரி நிண்டனீங்கள்.”

அப்பா சேற்றுக் கையைச் சாரத்தில் துடைத்தார். “இத்தனை பேருக்கு முன்னால என்ர பிள்ளையிட்ட ஏலாதெண்டு எப்பிடிச் சொல்லுறது?”

அந்தக் கட்டை மறுபடி யாரும் அடைக்கவில்லை. குளத்துக்குள் இப்போது பற்றைக்காடு. வயல்காரரில் பாதிப்பேர் புல்மோட்டைக்கு மணல் வேலைக்குப் போனார்கள். ஒருவரும் திரும்பி விதைக்கவில்லை. முன்பெல்லாம் நான் வேலையால் வந்தால் “திண்டனியா பிள்ளை?” என்பார் அப்பா. அன்றைக்குப் பிறகு “சாப்பிட்டீங்களோ?” என்று, குசினி வாசலுக்கு வெளியே நின்று கேட்கிறார்.