தங்கை வந்த விமானமும் நான் கொளுத்திய டயரும்

எங்கள் தெரு மதுரை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன வருஷம் பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம், வீட்டை வெள்ளையடித்து முடித்ததும் பழைய பாய், கிழிந்த துணியோடு இரண்டு டயரையும் போட்டுக் கொளுத்தினேன். தெருவே கொளுத்தியது. இதற்கு வழக்கம் என்று பெயர் வேறு!

மறுநாள் காலை, சென்னையிலிருந்து வரும் என் தங்கையை அழைக்கப் போனேன். அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. விமானம் தலைக்கு மேல் இரைந்தது, இறங்கவில்லை. பனிமூட்டத்தால் திருச்சிக்குத் திருப்பிவிட்டார்களாம்.

"பனிக்கெல்லாமா பயப்படுவீங்க?" என்று கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் கத்தினேன்.

"மேகமில்லாத ராத்திரியில தரை குளிர்ந்து, காத்துல இருக்கிற ஈரம் பனிமூட்டமாகும் சார். புகைத்தூள் இருந்தா ஈரம் அதுல ஒட்டி இன்னும் கெட்டியாகிடும். நேத்து சுத்துப்பட்டு பூரா எரிச்சிருக்காங்க. ஓடுபாதையே தெரியல" என்றார்.

குளித்தும் என் கையில் டயர் நாற்றம் போயிருக்கவில்லை.

திருச்சியிலிருந்து தங்கை போன் பண்ணினாள். "தரைக்கிட்ட வந்து சட்டுனு மேல தூக்கிட்டாங்கண்ணே. வயித்தப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டேன்." என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

இந்த வருஷம் பழசையெல்லாம் குப்பை வண்டியில் போட்டேன். எதிர்வீட்டுக்காரர் டயருக்குத் தீ வைத்தார். ஒரு குடம் தண்ணீரை ஊற்றி அணைத்தேன்.

"நல்ல நாளும் அதுவுமா, உனக்கென்னடா கிறுக்கா?" என்று எகிறினார்.

"போன வருஷம் இந்தப் புகைக்கு மேலதான் என் தங்கச்சி வயித்துப்பிள்ளையோட சுத்துனா. கொளுத்துனவன் நான்தாண்ணே" என்றேன்.

நான் அடுத்த குடத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போனேன்.