வாஷர் அண்ணன் வண்டிக்கு ரப்பர் போட்ட கதை

அந்த வட்டாரத்தில் எந்த வீட்டில் தண்ணீர் சொட்டினாலும் முதலில் நினைவுக்கு வருகிறவர் வாஷர் அண்ணன்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது மட்டும் அவரே அதை நினைத்துக்கொள்வார். குழாய் வேலைக்குப் போகிற இடமெல்லாம், சமையலறைத் தொட்டிக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, வாஷர்தான்" என்பார். ஒரு வீட்டில் சுவரே ஈரத்தில் ஊறிப் பெயர்ந்து விழுந்துகொண்டிருந்தது. அங்கேயும் அதையேதான் சொன்னார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் பிறகு உரியவே இல்லை.

கைராசிக்காரர் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அவர் முடுக்கிய குழாயை இன்னொருவர் கழற்ற வேண்டுமானால் இரண்டு ஆள் தொங்க வேண்டும். வேலை முடிந்ததும் தண்ணீரைத் திறந்துவிட்டு, இணைப்புக்கு இணைப்பு காய்ந்த காகிதத்தைச் சுற்றி வைப்பார். வீட்டுக்காரர் கொடுக்கும் தேநீரை ஆற அமரக் குடித்துவிட்டுத்தான் காகிதத்தைப் பிரிப்பார். ஈரம் இல்லையென்றால் அதை வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்துவிடுவார். அவர்களும் பரீட்சையில் தேறின பிள்ளை மாதிரி பவ்யமாக வாங்கிக்கொள்வார்கள்.

அப்படிப்பட்ட மனுஷருடைய சொந்த வண்டி, ஊர் சிரிக்க ஒழுகியது.

அது ஒரு பழைய ட்ரக். முன்னால் இரண்டு பேர், பின்னால் பெஞ்சில் இரண்டு பேர், அதற்கும் பின்னால் குழாய்களும் சாமான் பெட்டியும். அதன் கூரைதான் விசேஷம். கெட்டியான ஃபைபரில் செய்து, சுற்றிலும் போல்ட் போட்டு நிறுத்தியிருக்கும். போல்ட்டுகளைக் கழற்றினால் கூரையை அப்படியே தூக்கி வைத்துவிட்டு, திறந்த வண்டியில் காற்று வாங்கிக்கொண்டு போகலாம். அந்த ஒரு ஆசையில்தான் வாஷர் அண்ணன் அந்த வண்டியை வாங்கினார். கழற்றிக்கொண்டு போனது ஒரே ஒரு தடவை, மகள் கைக்குழந்தையாக இருந்தபோது. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. கூரை வீட்டுக் கொட்டகையில் பத்திரமாக நனையாமல் இருந்தது. வண்டியில் இருந்த மூன்று பேரும் நன்றாகக் குளித்துவிட்டு வந்து சேர்ந்தார்கள்.

கூரைக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு ரப்பர் பட்டை ஓடும். பட்டறையில் அதை பீடிங் என்பார்கள். அன்றைக்கு அவசரமாகக் கூரையைத் திரும்ப மாட்டியதில் அது அங்கங்கே மடிந்து உட்கார்ந்துவிட்டது. பிறகு வெயில் பட்டுப் பட்டு இறுகி வெடித்தது. மழை வந்தால் மனைவி உட்காரும் இடத்தில், கதவோரத் தோளில், சரியாகக் குறி பார்த்துச் சொட்டும். ஓட்டுகிறவர் தலையில் ஒரு துளி விழாது. ஆகவே வண்டி ஒழுகவே இல்லை என்பது வாஷர் அண்ணனின் கட்சி. பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

மனைவி சொல்லிப் பார்த்தாள். தோளில் துண்டு போட்டுப் பார்த்தாள். மடியில் கிண்ணம் வைத்துப் பார்த்தாள். வண்டி குலுங்கியதில் கிண்ணத்துத் தண்ணீரும் அவள் மேலேயே கொட்டியது. கடைசியில், நடுவே நகர்ந்து புருஷன் தோளில் சாய்ந்துகொண்டால் சொட்டு கதவுக்கும் இருக்கைக்கும் இடையில் விழுந்துவிடுகிறது என்று கண்டுபிடித்தாள். அதுவே பழக்கமாகி, வெயில் காலத்திலும் சாய்ந்துகொண்டே போனாள். தெருவில் பார்த்தவர்கள் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள். புதிதாகக் கல்யாணமாகி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் ஜோடிகளுக்கு, வாஷர் அண்ணனையும் அவர் சம்சாரத்தையும் காட்டிப் புத்தி சொன்னார்கள். இந்த வயதிலும் என்ன ஒட்டுதல் பாருங்கள் என்றார்கள். அதை எல்லாரையும்விட அதிகமாக நம்பியவர் வாஷர் அண்ணன்.

இப்படி இருக்கையில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை, விடுப்பு கிடைக்கவில்லை. பேத்தியை ஆஸ்பத்திரியிலிருந்து தன் வண்டியில்தான் அழைத்து வருவேன் என்று வாஷர் அண்ணன் ஒவ்வொரு வீட்டுத் தொட்டிக்கு அடியிலிருந்தும் அறிவித்துவிட்டார். பிறகுதான் மனைவியிடம் சொன்னார். குழந்தை அந்த வண்டியில் ஏறாது என்று அவள் தீர்த்துச் சொல்லிவிட்டாள். வானம் வேறு மூட்டமாகவே இருந்தது. சம்பந்தி புதிதாகக் கார் வாங்கியிருந்தார். இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் எடுக்காத அளவுக்குப் புதிது. அதில்தான் குழந்தை வரும் என்று அவரிடம் பேசி முடித்தாயிற்று.

வாஷர் அண்ணனுக்குச் சுருக்கென்றது. முதல் பேத்தி சம்பந்தி வண்டியில் வந்து இறங்குவதாம், தாத்தா பின்னாலேயே வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு வருவதாம்.

"ஒழுகுது ஒழுகுதுன்னா, இத்தனை வருஷத்துல நான் ஒரு தடவையாவது நனைஞ்சிருக்க மாட்டேனா?" என்றார்.

"நீங்க நனைஞ்சாத்தான் மழையா? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்."

"அதான் என் மேல ஆசையா சாஞ்சுகிட்டு ஜம்முனு வர்றியே."

"ஆசையிலயா சாஞ்சேன்? சொட்டுக்குப் பயந்துல்ல சாஞ்சேன்."

வாஷர் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. சுவரே பெயர்ந்து விழுந்த வீட்டிலும் அவர் அப்படித் திகைத்து நின்றதில்லை. எழுந்து போய்க் கொட்டகையில் நின்ற வண்டியில் ஏறி, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மனைவியின் இடத்தில் உட்கார்ந்தார். இருக்கையின் கதவோரம் நிறம் வெளுத்து, தையல் விட்டு, உள்ளே பஞ்சு கறுத்துக் கிடந்தது. விரலால் அமுக்கினார். மழை ஓய்ந்து நாளாகியும் பஞ்சில் ஈரம் இருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

உடனே உதிரிப் பாகக் கடைக்குப் போனார். அந்த வண்டிக்கென்று தனியாக வந்த பீடிங் எப்போதோ நின்றுபோயிருந்தது. அளவு ஒத்துவரும் ரப்பர் சுருள் ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அதைக் கடைக்காரர் தேடி எடுத்தார். தகரத்தின் விளிம்பைக் கவ்விப் பிடிக்க ஒரு பள்ளம், அதன் ஓரமாக உதடு மாதிரி மெல்லிய மடிப்பு. அந்த உதடு எந்தப் பக்கம் வரவேண்டும் என்று கடைக்காரர் விளக்க ஆரம்பித்தார். எனக்கே ரப்பர் போடச் சொல்லித் தருகிறாயா என்று வாஷர் அண்ணன் ஒரு சிரிப்புச் சிரித்து, சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வேலை என்று இறங்கிவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. கிணற்று மோட்டாரைத் தூக்கும் சங்கிலிக் கப்பியைக் கொட்டகை விட்டத்தில் கட்டி, கூரையை ஒற்றை ஆளாக மேலே ஏற்றினார். பழைய ரப்பர் தொட்ட இடமெல்லாம் கறுப்புத் தூளாக உதிர்ந்தது. ஒட்டிக்கொண்டிருந்ததைப் பட்டைக் கரண்டியால் சுரண்டி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பசை தடவி, புது ரப்பரை அங்குலம் அங்குலமாக அமுக்கிக்கொண்டே வந்தார். கதவுகளுக்கும் சேர்த்துப் போட்டார். கூரையை இறக்கி போல்ட்டை முடுக்கியபோது ஃபைபர் கிறீச்சென்றது. அந்தச் சத்தம் அவர் காதுக்கு இனிமையாக இருந்தது.

பரீட்சை வைக்க வேண்டுமே. மனைவி மடியில் செய்தித்தாளை விரித்து, கையில் தேநீர் டம்ளரோடு உள்ளே உட்கார்ந்தாள். அவர் வெளியே நின்று கூரை மேல் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சினார். கொஞ்ச நேரத்தில் அவள் கண்ணாடியைத் தட்டினாள். பாராட்டுகிறாள் என்று நினைத்து அவர் இன்னும் வேகமாகத் திறந்துவிட்டார். அவள் இரண்டு கையாலும் தட்டினாள். அவர் பதிலுக்குக் கையை ஆட்டினார்.

கதவைத் திறந்தபோது முதலில் செய்தித்தாள் மிதந்து வெளியே வந்தது, பிறகு ஒரு செருப்பு, அதன் பின் மனைவி. குடித்துப் பாதியாக்கிய தேநீர் டம்ளரில் விளிம்புவரை நிறைந்திருந்தது.

"ஒரு சொட்டு வெளிய போகலீங்க," என்றாள், தலையிலிருந்து தண்ணீர் வழிய. "சுத்தமான வேலை."

உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று ஆகிவிட்டது. முன்பாவது ஒரு தோளில்தான் சொட்டியது. இப்போது கூரையில் விழுந்ததெல்லாம் உள்ளே வந்து, கதவு ரப்பர் வெளியே விடாததால், தொட்டியாகத் தேங்கி நின்றது. வாஷர் அண்ணன் சாமான் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். எங்கே தப்பு என்று அவருக்குப் புரியவே இல்லை. மறுநாள் காலையில் குழந்தை வீட்டுக்கு வருகிறது. இனி சம்பந்தி கார்தான்.

மனைவி உடை மாற்றிக்கொண்டு, தலையைத் துவட்டியபடி வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ரப்பரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"நீங்க எப்பவும் தண்ணி உள்ள இருக்கணும், வெளிய போகக்கூடாதுன்னுதானே வேலை செய்வீங்க. இந்த உதட்டையும் அப்படியே உள்பக்கம் திருப்பி வச்சிருக்கீங்க. இதுல உள்ள இருக்கப்போறது தண்ணி இல்லீங்க. நம்ம பேத்தி."

வாஷர் அண்ணன் எழுந்தார். பசை முழுசாகக் காய்வதற்குள் எல்லாவற்றையும் உரித்தார். எவ்வளவு பதமாக இழுத்தும் சில இடங்களில் ரப்பர் கிழிந்தது. வேறு சுருளும் கிடையாது. கிழியாத நீளத்தையெல்லாம் பின் பெஞ்சுக்கு மேலே, குழந்தை இருக்கப்போகும் இடத்தில், உதடு வெளியே பார்க்கும்படி ஒட்டினார். அடுத்த நல்ல நீளம் மனைவி பக்கத்துக்குப் போனது. தன் பக்கத்துக்கு மிஞ்சியது துண்டு துணுக்குகள்தான். அவற்றைச் சைக்கிள் டியூப் வைத்து ஒட்டுப் போட்டு ஒப்பேற்றினார். போல்ட்டுகளை இந்தத் தடவை ஒரேயடியாக முடுக்காமல், மூலைக்கு மூலை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். அவர் கையை அவரே பிடித்து வைக்க வேண்டியிருந்தது.

மறுபடி பரீட்சை. மனைவி குடையோடு ஏறினாள். பின் பெஞ்சில் கொஞ்ச நேரம், தன் இடத்தில் கொஞ்ச நேரம். இறங்கும்போது குடை விரியாமலே இருந்தது. காய்ந்த செய்தித்தாளை மடித்து அவர் கையில் கொடுத்தாள். அவர் வாங்கின பவ்யத்தை அவருடைய வாடிக்கையாளர்கள் பார்த்திருக்க வேண்டும். ஓட்டுகிற இடத்தில் காகிதம் வைக்கும் யோசனை அவளுக்கு வரவில்லை. அவரும் ஞாபகப்படுத்தவில்லை.

கார் வேண்டாம் என்று மனைவி சம்பந்திக்குப் போன் செய்தாள். அவர் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், பெருமூச்சு விட்டார். மழையில் எடுத்தால் கார் சேறாகிவிடுமே என்று அவர் சாப்பிடாமல் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாராம். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குக் குடையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

கிளம்பிய சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பின் பெஞ்சில் மகள் மடியில் குழந்தை வாயைத் திறந்து தூங்கியது. பக்கத்தில் சம்பந்தி, எப்போது குடையை விரிக்கலாம் என்று கூரையையே பார்த்துக்கொண்டு வந்தார். விரிக்கும்படி ஒன்றும் நடக்கவில்லை. முன்னால் மனைவி, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக, அந்த வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் தோளில் ஒரு துளி இல்லை. வாஷர் அண்ணனுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அவளுக்கும் தனக்கும் நடுவே இவ்வளவு இடம் இருந்திருக்கிறதா என்று ஒரு மாதிரியாகவும் இருந்தது.

அப்போதுதான் அவர் கழுத்தில் முதல் சொட்டு விழுந்தது.

அவர் அசையவில்லை. அடுத்தது காதுக்குப் பின்னால் விழுந்து முதுகு நெடுக ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டார். சட்டைக் காலர் ஊறி, தோள் ஊறி, கை வரைக்கும் சில்லென்று இறங்கியது. சத்தமாகச் சொட்டினால்கூடத் தேவலை. சத்தமில்லாமல், எப்போது விழும் என்று சொல்லாமல் விழுந்தது. இதை அவள் இத்தனை வருஷம் தாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள், வண்டி ஒழுகவே இல்லை என்று நான் அடித்துப் பேசியிருக்கிறேன் என்று நினைத்தபோது அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. சந்தை முனை தாண்டும் மட்டும் பொறுத்துப் பார்த்தார். அதற்கு மேல் முடியவில்லை. மெதுவாக நடுப்பக்கம் நகர்ந்து, மனைவி தோளில் சாய்ந்தார்.

மனைவி திரும்பிப் பார்த்தாள். ஊறிப்போன காலரைப் பார்த்தாள். மேலே சைக்கிள் டியூப் ஒட்டையும் பார்த்தாள். நல்ல ரப்பரெல்லாம் எங்கே போயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பின்னாலிருந்து சம்பந்தி தொண்டையைக் கனைத்தார். "பரவாயில்லையே, பேத்தி பொறந்த பிறகும் சம்பந்திக்கு..." என்று இழுத்தார்.

"அவர் எப்பவுமே இப்படித்தான் சம்பந்தி," என்றாள் மனைவி. "என் மேல அவ்வளவு ஆசை."

சொல்லிவிட்டு, அவருக்குத் தோதாக இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.