சுண்டுவிரல் போன துவக்கு

எழுபதுகளின் கடைசியில் கல்முனையில் ஆங்கிலம் படிப்பித்தேன். துவக்கு, துப்பாக்கி வகைகளைப் பற்றி ஒரேயொரு புத்தகம் வாசித்திருந்தேன். அந்தக் கர்வத்தில் செய்த பிழை இது.

சவளக்கடையில் வயல் செய்த ஆதம்பாவா காக்கா, பன்றிக் காவலுக்கு வைத்திருந்த பழைய துவக்கை விற்று வேறொன்று வாங்க நினைத்து, என்னிடம் விலை கேட்டார். இரும்பில் ஜெர்மன் எழுத்துகள் இருந்தன. இழுத்துப் பூட்டும் பிடியும் புத்தகப் படத்தைப் போலவே இருந்தது.

"காக்கா, இது உலக யுத்தத்தில சுட்ட பட்டாள ரைபிள். நூதனசாலைச் சாமான்! கொழும்பில ஆள் பாக்கிறன், அதுவரைக்கும் சுட்டுராதீங்க."

அவர் அதைப் பெருநாள் சாரனில் சுற்றி அலுமாரியில் வைத்துவிட்டு, தகரம் தட்டிக் காவல் காத்தார். பன்றிகள் தகரத்துக்குப் பழகிக்கொண்டன. கதிர் முற்றுமுன் ஓர் ஏக்கர் வேளாண்மை போய்விட்டது.

விற்குமுன் துப்புரவாக்க, துவக்குத் திருத்தும் பாஸிடம் இருவரும் போனோம். அவர் குழலுக்குள் சுண்டுவிரலை விட்டார். விரல் போனது.

"ரைபிளெண்டா பென்சில்தான் போகும் சேர். பட்டாளத் துவக்குத்தான், ஆனா குழலை அகலமாக்கி, சின்னச் சின்னக் குண்டு நிறைஞ்ச சன்னத் தோட்டா போடுறதுக்கு மாத்தியிருக்கு. பூட்டும் பலமில்ல. சாதாரண துவக்குட விலையும் வராது."

நான் காக்காவைப் பார்த்தேன். "நீங்க இதுக்கு என்ன தோட்டா போட்ட?"

"சன்னத் தோட்டாதான். இருவது வருசமா."

"ஏன் அண்டைக்குச் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லயே சேர்! படிச்ச மனிசன் கதைக்கக்குள்ள நான் என்னத்தக் கதைக்கிற?" என்றவர், என் முகத்தைக் கண்டு சிரித்தார். "போகட்டும். உங்கட பேரால பண்டிகளுக்கு நல்லொரு கந்தூரிச் சாப்பாடு."

இப்போதெல்லாம் யாரேனும் அபிப்பிராயம் கேட்டால், முதலில் கேட்டவரைத்தான் பேசவிடுகிறேன்.