பூட்டி வைக்கச் சொன்ன மைக் செட்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கு அவர் 'ஹலோ'. மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். மைக்கைக் கையில் எடுத்தால் விரலால் தட்டி, "ஹலோ, ஹலோ" என்று சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலை. கல்யாணமோ, கட்சிக் கூட்டமோ, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியோ, அவர் ஹலோ சொல்லாமல் ஊரில் எதுவும் தொடங்கியதில்லை.

காலமெல்லாம் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றதில் வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காது அரைகுறை. அவர் மனைவிக்கோ கத்திப் பேசவே வராது. முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுந்து வந்து, அவர் தோளில் கை வைத்து, இடது காதோரம் குனிந்து சொல்வாள். "இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் என்னய்யா கொஞ்சல்?" என்று எதிர்க்கடை டீக்காரர் கேலி செய்வார். அவள் சொன்னது கேஸ் தீர்ந்துபோச்சு என்பதாக இருக்கும்.

நகரசபைத் தேர்தல் வந்தால் ஹலோவுக்குக் கொண்டாட்டம். இரண்டு பெரிய கட்சிகளும் அவரிடம்தான் செட் எடுக்கும். வேடிக்கை என்னவென்றால், இரண்டு கட்சிக்கும் வாடகை கொடுப்பவர் ஒரே ஆள்: ஏரிக்கரைத் தண்ணீர் கம்பெனியின் மேலாளர். நோட்டீஸ், வண்டி, சாப்பாட்டுச் செலவு எல்லாம் அவர் பொறுப்பு. மேடையில் ஒருவரையொருவர் கிழிகிழியென்று கிழிப்பவர்கள், கீழே இறங்கியதும் அவருக்குத்தான் முதலில் கைகொடுப்பார்கள். ஹலோ அதைப் பற்றி யோசித்ததில்லை. யார் கொடுத்தால் என்ன, வாடகை வந்தால் சரி.

ஜெயித்தவர்கள் நன்றி மறக்கவில்லை. ஏரியைச் சுற்றிப் புதிதாக ஆழ்துளைக் கிணறு போடக் கூடாது என்றிருந்த விதியைச் சத்தமில்லாமல் திருத்தினார்கள். அடுத்த கோடையில் ஹலோவின் தெருக் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வந்தது. கம்பெனி உறிஞ்சிய அந்த ஏரித் தண்ணீரையே தெருக்காரர்கள் பாட்டிலில் வாங்கிக் குடித்தார்கள்.

அப்போதுதான் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸம்மா சுயேச்சையாக நிற்கப்போவதாகச் சொன்னார். கம்பெனிக் காசைத் தொட மாட்டேன் என்றார். ஜெயித்தால் ஒரு விதி கொண்டுவருவேன், தேர்தலில் நிற்கிறவர்களுக்கு எந்தக் கம்பெனியும் பணம் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னார். ஹலோ வீட்டுக்கு அவர் அந்நியரல்ல. இரண்டு தடவை கரு தங்காமல் கலைந்தபோதும், ஹலோவின் மனைவியின் கையை விடாமல் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

ஆனால் மேலாளர் முந்திக்கொண்டார். ஓட்டுப்போடும் நாள் வரைக்கும் எல்லா செட்டும் எங்களுக்கே என்று முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார். "இவ்வளவையும் எங்க சார் வச்சுக் கட்டுறது?" என்று ஹலோ கேட்டதற்கு, "கட்டவே வேணாம்பா. வெளிய போகாம இருந்தா போதும்," என்றார். ஹலோ தலையாட்டினார்.

மறுநாள் நர்ஸம்மா வந்தார். "தம்பி, ஒரே ஒரு மைக், ஒரே ஒரு பெட்டி. கிடைக்குமா?"

"எல்லாம் போயிடுச்சுக்கா."

ஷெட் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்ததை நர்ஸம்மா பார்த்தார். "சரிப்பா. காதுக்குச் சொட்டு மருந்து ஒழுங்கா போடுறியா? விட்டுடாதே," என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார்.

அவர் கோபப்பட்டிருந்தால் ஹலோ தாங்கியிருப்பார். மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தார். மனைவி வந்து தோளில் கை வைத்தாள். "சத்தத்தை வாடகைக்கு விட்டீங்க, சரி. ஊமையா இருக்கிறதுக்கும் வாடகை வாங்கலாமா?" குரலில் கடுமை இல்லை. அப்படியே அவர் தலையைத் தடவிவிட்டுத் தைக்கப் போய்விட்டாள்.

சாயங்காலமே ஹலோ கம்பெனிக்குப் போய் முன்பணத்தை மேஜைமேல் வைத்தார். மேலாளர் முகம் சிவக்க என்னென்னவோ சொன்னார்.

"சார், அந்தப் பக்கம் கேக்காது. கொஞ்சம் இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க," என்றார் ஹலோ. கிண்டலுக்கு அல்ல, நிஜமாகவே கேட்கவில்லை. மேலாளர் மேஜையைச் சுற்றி வந்து மறுபடி முதலிலிருந்து மிரட்ட வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை அதில் அவ்வளவு காரம் இல்லை.

ஹலோ கொடுத்த மைக்கில் பேசியும் அந்தத் தேர்தலில் நர்ஸம்மா தோற்றார். கம்பெனி வேலைகள் ஹலோவுக்கு நின்றன. கட்சிகள் வெளியூரிலிருந்து செட் கொண்டுவந்தன. மனைவி கூடுதலாகத் துணி வாங்கித் தைத்தாள். ஹலோ பொத்தான் தைக்கப் பழகிக்கொண்டார். சட்டை தைக்கக் கொடுத்தவர்கள் சிலர் பொத்தான் ஏன் கோணலாக இருக்கிறது என்று கேட்டார்கள்; கேட்டவர்களும் வராமல் போகவில்லை.

அடுத்த தேர்தலில் நர்ஸம்மா ஜெயித்தார். அவரைப் போலவே கம்பெனிக் காசு வாங்காமல் நின்ற இன்னும் சிலரும் ஜெயித்தார்கள். நர்ஸம்மா சொன்ன விதியைப் பற்றி ஊர்மக்கள் கருத்தைக் கேட்க நகரசபை மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மைக் செட் ஹலோவுடையது. கம்பெனியின் வக்கீல் அழகாகப் பேசினார். கம்பெனிக்கும் கருத்து உண்டு, பிடித்தவருக்குப் பணம் கொடுப்பதும் ஒருவகைப் பேச்சுதான், அதைத் தடுப்பது வாயைக் கட்டுவதற்குச் சமம் என்றார். சிலர் கைதட்டினார்கள்.

பெண்கள் வரிசையிலிருந்து ஹலோவின் மனைவி எழுந்தாள். ஹலோவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லையே! அவள் மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். ஹலோ அவசர அவசரமாக வால்யூமைக் கூட்டினார்.

"வக்கீலய்யா, என் வீட்டுக்காரர் மைக் செட் வச்சிருக்காரு. போன தேர்தலுக்கு முந்தின தேர்தல்ல இருக்கிற மைக்கை எல்லாம் உங்க கம்பெனி எடுத்துப் பூட்டி வைக்கச் சொன்னாங்க. அவங்க பேசுறதுக்கு இல்ல, இந்த நர்ஸம்மா பேசிடக் கூடாதுன்னு. நாங்களும் முதல்ல சரின்னுட்டோம். அதுக்குக் கொடுத்த காசையும் பேச்சுன்னுதான் சொல்வீங்களா?"

ஹலோவுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அவள் குரல் கைக்குள் அதிர்வதை மட்டும் உணர்ந்தபடி நின்றார். கண் கலங்கியதை ஒயர் சரிசெய்கிற சாக்கில் குனிந்து துடைத்துக்கொண்டார்.

வக்கீல் அசரவில்லை, மற்றதை நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தார். நகரசபையில் விதி ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. கம்பெனி சொன்னபடியே வழக்குப் போட்டது. தீர்ப்பு வரும்வரை விதி அமலில் இருக்கும் என்று நீதிபதி சொன்னதால், அடுத்த தேர்தலில் கம்பெனி வண்டிகள் ஓடவில்லை. நின்றவர்கள் எல்லோரும் மைதானத்தில் ஒரே மேடையில் முறை வைத்துப் பேசினார்கள். ஆழ்துளைக் கிணறு விதியை இன்னும் பழையபடி மாற்ற முடியவில்லை. அதற்கும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

வழக்கு நாளில் நர்ஸம்மாவுடன் ஹலோவும் மனைவியும் பஸ் ஏறி நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்கிறார்கள். வாதம் நீண்டுகொண்டே போக, ஹலோ கொஞ்ச நேரத்தில் மனைவியின் தோளில் சாய்ந்து தூங்கிப்போகிறார். அவள் எழுப்புவதில்லை. குறட்டை வந்தால் மட்டும் லேசாகத் தொடையில் தட்டிவிட்டு, முன்னால் சாய்ந்து, இரண்டு பேருக்குமாகச் சேர்த்துக் கவனமாகக் கேட்கிறாள்.