தையலுக்கு விட்ட கால் அங்குலம்

டெய்லரம்மாவின் உதடுகளுக்கு நடுவே வழக்கமாகக் குண்டூசிகள் இருக்கும். மூன்று வாரமாக அந்த இடத்தில் போல்ட்டுகள் இருக்கின்றன. நான்கைக் கவ்விக்கொண்டு, வெட்டு மேசைக்குக் கீழே குத்தவைத்து உட்கார்ந்து, படகின் பின்னால் மாட்டுகிற ஒரு பழைய அவுட்போர்டு மோட்டாரின் வயிற்றுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறார். குண்டூசியைவிட போல்ட்டு சௌகரியமாம், குத்தாது. ஆனால் எண்ணெய் ருசிதான் பிடிக்கவில்லையாம்.

வாயில் எதையாவது கவ்விக்கொண்டிருந்தால் ப, ம இரண்டும் வராது. உதடு ஒட்டினால்தானே வரும். முப்பது வருடத் தொழிலில் அவ்விரண்டு எழுத்துகளும் இல்லாமலே பகல்பொழுதை ஓட்டப் பழகிவிட்டார். படகு என்பது அவர் வாயில் அடகு ஆகிவிடும். மோட்டார், ஓட்டார் ஆகிவிடும். ஊசியை எடுத்துவிட்டுப் பேசலாமே என்று யாராவது சொன்னால், வேலை முடியாமல் எடுப்பதில்லை என்பார், அதையும் அரைகுறையாக. புதிதாக வரும் வாடிக்கையாளர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். கணவர் வீட்டில் இருந்தால் எழுந்து வந்து அர்த்தம் சொல்லிவிட்டுப் போவார். அந்தப் பாஷை தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

கணவர் படகுக்காரர். ஆற்றின் இக்கரைக்கும் அக்கரைக்குமாக ஆட்களையும் சைக்கிள்களையும் துடுப்புப் போட்டு ஏற்றி இறக்குகிறவர். இரண்டு வருடமாக அவருடைய வலது தோள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நடு ஆற்றில் சுருக்கென்று பிடித்துக்கொண்டால், வேடிக்கை பார்ப்பவர் போலத் துடுப்பை நிறுத்திக் கரையைப் பார்த்தபடி இருப்பார். இதை ஒருவரிடமும் மூச்சுவிட்டதில்லை, மனைவியிடமும்தான். போன மாதம் ஐஸ் ஃபாக்டரி முதலாளியிடம் படகை விற்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார். வீட்டில் சொன்ன காரணம், படகு பழசாகிவிட்டது என்பது. முதலாளி நல்ல மனுஷர். "வீட்ல சும்மா ஏன் இருக்கீங்க? ஃபாக்டரி கேட்டாண்ட ஒரு நாற்காலி போட்டுத் தர்றேன், உக்காந்துக்குங்க" என்று வேலையும் கொடுத்தார். அந்த நாற்காலியை நினைத்து, படகுக்காரர் ஃபாக்டரி வழியாகப் போவதையே விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முதலாளி படகை எடுத்துக்கொள்ள வருவதாகப் பேச்சு.

படகு விற்பனை பற்றிக் கேட்ட அன்றே டெய்லரம்மா பழைய இரும்புக் கடைக்குப் போய் வந்தார். மறுநாள் கடைக்காரர் மூன்று சக்கர வண்டியில் இந்த மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினார். அவருடைய வண்டிக்குச் சீட்டு உறை தைத்துத் தருவதாக ஏற்பாடு.

"இது ஓடாதும்மா. சும்மா எடைக்கு வச்சிருந்தேன்" என்றார் அவர், மனசாட்சிக்குப் பயந்தவராக.

"தையல் மிஷினும் அப்படித்தான் சொல்லும். பிரிச்சுப் பாத்தா வழிக்கு வந்துடும்" என்றார் டெய்லரம்மா. அப்போது வாயில் ஒன்றும் இல்லை.

பிரித்தார். துருப்பிடித்து இறுகிப்போயிருந்த பிஸ்டனுக்கு ஐந்து நாள் மிஷின் எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, பழந்துணி சுற்றிய மரச்சுத்தியால் தட்டித் தட்டி இளக்கினார். கார்பரேட்டரின் கண்ணை ஒன்பதாம் நம்பர் ஊசியால் குத்தித் திறந்தார். கரியைச் சுரண்டத் தையல் பிரிக்கும் கருவி, பேரிங்கைச் சூடேற்ற இஸ்திரிப்பெட்டி. மேலே இருந்த சக்கரம் அசைவேனா என்றது. ஒரு பழைய தையல் மிஷினின் இரும்புக் காலை அறுத்துப் பட்டையாக்கி, மூன்று திருகு வைத்து நெம்பியதில் ஒருநாள் மத்தியானம் டொக்கென்று கையோடு வந்தது. கழற்றியவற்றைப் பட்டன் டப்பாக்களில் போட்டு, வாடிக்கையாளர் துணி போலவே சீட்டு எழுதி வைத்தார்: கழுத்து, கை, இடுப்பு. மோட்டாருக்கு எது கை என்று படகுக்காரர் கேட்டதற்கு, தெரியாமலா எழுதியிருக்கிறேன் என்று பதில் வந்தது.

படகுக்காரர் இதையெல்லாம் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தார். ஏதோ பொழுதுபோக்கு என்றுதான் நினைத்தார். முதலாளி வருவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, மோட்டாரின் உடம்பையும் காலையும் சேர்க்கும் இடத்துக்கு, அதாவது இடுப்புக்கு, கசியாமல் இடையில் வைக்கிற கேஸ்கட் அட்டை வெட்ட டெய்லரம்மா துணிக் கத்தரிக்கோலை எடுத்தார். அந்தக் கத்தரிக்கோலில் காகிதம் பட்டால் முனை மழுங்கிவிடும். ஒருமுறை தெரியாமல் செய்தித்தாளில் ஒரு மூலையை வெட்டிவிட்டு, பதினொரு நாள் பேச்சு வாங்கியவர் படகுக்காரர். இன்று அதே கத்தரி அட்டையைக் கரகரவென்று வெட்டிக்கொண்டு போனது. அப்போதுதான் இது விளையாட்டல்ல என்று அவருக்கு உறைத்தது. ஏனென்று மட்டும் விளங்கவில்லை.

சனிக்கிழமை மதியம் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் டிரம்மில் மோட்டாரை மாட்டினார்கள். டெய்லரம்மாவே கயிற்றை இழுத்தார். ஆறாவது இழுப்பில் இருமியது, ஒன்பதாவதில் ஓடியது. பக்கத்து வீட்டில் ஜன்னல்களைச் சாத்தினார்கள். மோட்டாரின் விலாவில் உள்ள சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீச்ச வேண்டும். பீச்சினால்தான் சூடு தணியும். இருவரும் குனிந்து அந்தத் துளையைப் பார்த்தார்கள். ஒரு சொட்டும் வரவில்லை. பெயின்ட் கருகும் வாடை வரவே, டெய்லரம்மா அணைத்துவிட்டார்.

இடுப்பைப் பிரித்து அட்டையைக் கையில் எடுத்தார். பழைய கேஸ்கட்டை வைத்து சாக்பீஸால் கோடு போட்டு வெட்டியதுதான். ஆனால் தண்ணீர் ஏறும் துளை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மிளகு நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது.

"என்ன ஆச்சு?" என்றார் படகுக்காரர்.

"தையலுக்கு விட்டுட்டேன்."

"என்னது?"

"கோட்டுக்கு உள்ள கால் அங்குலம். சட்டைக் கழுத்துக்கு விடறாப்ல. கை தானா விட்டுடுச்சு."

படகுக்காரர் சிரிக்கக் கூடாது என்று கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார். பிறகு முடியவில்லை. டெய்லரம்மா சிரிக்கவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்ததும் படகுக்காரரின் சிரிப்பு அடங்கிவிட்டது.

"விடு. அந்தப் படகே நாளைக்கு நம்மளோடது இல்ல" என்றார்.

டெய்லரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, போல்ட்டுகளை எடுத்து மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். புது அட்டை ஒன்றை விரித்து, இந்த முறை கோட்டின் மேலேயே வெட்ட ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை மணிக்கு மோட்டார் படகின் பின்பலகையில் இறுக்கப்பட்டிருந்தது. பத்து மணிக்குச் சொன்னபடி ஐஸ் ஃபாக்டரி முதலாளி வந்தார். மோட்டாரைப் பார்த்து, "அட, இதுவும் சேர்த்தா?" என்று சந்தோஷப்பட்டார். டெய்லரம்மா கரையில் நின்றார். நேற்று முளைத்த மீதிச் சந்தேகங்களுக்கென்று இரண்டு போல்ட்டுகள் இன்னும் வாயில் இருந்தன. கணவரைப் பார்த்து, ஓட்டுங்கள் என்பதுபோல முகத்தை அசைத்தார்.

படகுக்காரர் படகில் ஏறினார். இரண்டு வருடம் மூடிவைத்த விஷயம் ஒரே இழுப்பில் ஊரறியப் போகிறது. வலது கையால் கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் அங்கேயே அலறிவிடுவார் என்று அவருக்குத் தெரியும். பின்பலகையில் உட்கார்ந்து கயிற்றின் கைப்பிடியைத் தேடினார். நேற்று இருந்த இடத்தில் அது இல்லை. மேல்மூடியைக் கழற்றி, திருப்பி வைத்துப் பூட்டியிருந்தது. கயிறு இடது பக்கமாக வந்தது. நுனியில் ஒரு தடித்த நூல் உருளை, அதன்மேல் அவருடைய பழைய நீலச் சட்டைத் துணி சுற்றி, பிரியாதபடி தைத்திருந்தது.

நிமிர்ந்து கரையைப் பார்த்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சட்டைய வெட்டறது யாரு?" என்றார் டெய்லரம்மா. அதில் ப, ம எதுவும் இல்லாததால் தெளிவாகவே கேட்டது.

படகுக்காரர் இடது கையால் இழுத்தார். நான்காவது இழுப்பில் மோட்டார் பிடித்துக்கொண்டது. விலாத்துளையிலிருந்து ஒரு பாட்டம் தண்ணீர் பீச்சி முதலாளியின் செருப்பை நனைத்தது. அவர் ஓரடி பின்வாங்கி, சத்தத்துக்கு மேல் கத்தினார்: "பிரமாதம். அப்ப நான் எடுத்துக்கறேன்."

"அடகு குடுக்கறதில்லீங்க" என்றார் டெய்லரம்மா.

"அடகா? நான் வாங்கிக்கத்தானே வந்தேன்?"

அவர் விளங்காமல் படகுக்காரரைப் பார்த்தார். படகுக்காரர் மோட்டார் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

"படகுன்னு சொல்றாங்க. குடுக்கறதில்லையாம். மன்னிச்சுக்குங்க, நாற்காலியும் வேணாம்."

சொல்லிவிட்டு, போட்டிருந்த சட்டையின் வலது தோளை இடது கையால் தடவிப் பார்த்தார். தையல் இடதுபுறத்தைவிட அரை அங்குலம் இறங்கி, தோள் சரிந்த இடத்தில் சரியாக உட்கார்ந்திருந்தது. கரையில் டெய்லரம்மா போல்ட்டுகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தார்.